சுக்கான் பிடித்தவருக்குக் கப்பல் சொந்தமில்லை

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா ஒரு தீர்ப்பை வாசித்தார். 1971 மக்களவைத் தேர்தலில் ராய்பரேலி தொகுதியில் பிரதமர் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது. அடுத்த 6 ஆண்டுகளுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படும் பதவி எதையும் வகிக்க முடியாது. வழக்குத் தொடுத்தவர், அவரிடம் தோற்ற ராஜ் நாராயண். பல குற்றச்சாட்டுகளில் இரண்டு மட்டுமே நிரூபணமாயின. பிரதமர் செயலகத்தில் சிறப்பு அதிகாரியாக இருந்த யஷ்பால் கபூர், அரசுப் பணியிலிருந்து முறைப்படி விடுபடும் முன்பே தேர்தல் வேலை பார்த்தார் என்பது ஒன்று. பிரதமர் பேசிய தேர்தல் கூட்டங்களுக்கு உத்தரப் பிரதேச அரசு அதிகாரிகள் மேடை அமைத்துக் கொடுத்தார்கள், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் ஏற்பாடு செய்தார்கள் என்பது மற்றொன்று.

ஒரு மேடைக்காகவும் ஒலிபெருக்கிக்காகவும் ஒரு பிரதமரின் பதவியைப் பறிப்பதா என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். இன்றும் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. தண்டனையின் அளவு பற்றி விவாதிக்கலாம். அந்தத் தீர்ப்பு தொட்ட கேள்வியோ மிகப் பெரியது. பிரதமர், அரசாங்கத்தை நடத்துகிறவர். வேட்பாளர், ஒரு கட்சியின் ஆள். இரண்டு பொறுப்பும் ஒருவரிடமே இருக்கலாம். ஆனால், அரசாங்கத்தின் ஊழியரும் உடைமையும் முதல் பொறுப்புக்கு மட்டுமே உரியவை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வகுத்த கோடு அது. கோட்டைத் தாண்டியவர் நாட்டின் ஆகப் பெரிய அதிகாரம் படைத்தவர் என்பதற்காக நீதிபதி அதை அழித்துவிடவில்லை.

13 நாள்களில் நெருக்கடிநிலை வந்தது. இந்திராவே இந்தியா என்று சொன்ன தேவகாந்த பரூவா அப்போது காங்கிரஸ் கட்சியின் தலைவராக இருந்தார். நீதிமன்றம் பிரித்துக் காட்டிய எல்லாவற்றையும் அந்த ஒரு முழக்கம் மீண்டும் ஒன்றாகக் கட்டியது. தலைவரே கட்சி, கட்சியே அரசாங்கம், அரசாங்கமே நாடு. அந்த 21 மாதங்கள் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியும் அந்த முடிச்சு அவிழவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த மாநிலமானாலும், ஆள்வோரைக் குறை சொன்னால் நாட்டைக் குறை சொன்னதாகக் கொள்ளும் பழக்கம் தொடர்கிறது. அரசாங்கம் என்ற சொல்லின் வரலாற்றை இந்த நேரத்தில் திரும்பிப் பார்ப்பது அகராதிப் பொழுதுபோக்கு ஆகாது. அந்தச் சொல் பிறந்தபோதே அதற்குள் ஒரு எச்சரிக்கை இருந்தது. அதை நாம் மறந்துவிட்டோம்.

கடலில் பிறந்த சொல்

ஆங்கிலத்தின் கவர்ன்மென்ட் என்ற சொல்லுக்கு மூலம் கிரேக்கம். கூபர்னான் என்றால் கப்பலின் சுக்கானைத் திருப்பிச் செலுத்துதல். கூபர்னேதேஸ் என்றால் சுக்கான் பிடிப்பவர், பழந்தமிழில் மீகாமன். கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போய் குபர்னாரே ஆனது. லத்தீனில் குபர்னாகுலம் என்றால் சுக்கான். அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சுக்கானைக் குறிக்க இதே வேரிலிருந்து வந்த சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மென்பொருள் பொறியாளர்கள் அன்றாடம் புழங்கும் கூபர்நெட்டிஸ் என்ற மென்பொருளின் பெயரும் அந்தக் கிரேக்க மீகாமனின் பெயரே.

ஊரைக் கப்பலாகவும் ஆள்பவரைச் சுக்கான் பிடிப்பவராகவும் பார்ப்பது கிரேக்கர்களுக்கு மிகப் பழைய பழக்கம். அதை விரிவாக எடுத்துப் பேசியவர் பிளேட்டோ. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய குடியரசு நூலின் 6-ஆம் பகுதியில் சாக்ரட்டீஸ் ஒரு கப்பலை விவரிக்கிறார். கப்பலின் சொந்தக்காரர் உடல் வலிமை மிக்கவர். ஆனால் காது சற்று மந்தம், பார்வையும் குறைவு, கடலறிவும் அப்படியே. மாலுமிகள் சுக்கானுக்காகத் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். அவர்களில் யாரும் கப்பல் செலுத்தக் கற்றவர்கள் இல்லை. சொந்தக்காரருக்கு மது ஊற்றி மயக்கி, சரக்கைச் சூறையாடி, தங்களுக்கு உதவியவனையே சிறந்த மீகாமன் என்று புகழ்கிறார்கள். பருவமும் காற்றும் விண்மீனும் அறிந்த உண்மையான மீகாமனை, வானத்தைப் பார்த்து உளறுகிறவன் என்று ஒதுக்குகிறார்கள்.

பிளேட்டோ இதை மக்களாட்சிக்கு எதிராகச் சொன்னார். மக்களுக்கு விவரம் போதாது, அறிந்தவர்களே ஆள வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் அவர் வாதத்திலேயே, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஓர் உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. காது மந்தமான அந்தச் சொந்தக்காரர் யார்? மக்கள்தான். மக்களை அவ்வளவு தாழ்வாக எடைபோட்டவரும் கப்பலை மீகாமனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கப்பல் ஒருவருடையது, அதைச் செலுத்தும் வேலை மற்றொருவருடையது. மீகாமனுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் அந்தத் திறமை அவரைச் சொந்தக்காரர் ஆக்கிவிடாது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு கிளையும் உண்டு. ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எந்திரத்தில் ஒரு கருவியைப் பொருத்தினார். எந்திரம் அளவுக்கு மீறி வேகமெடுத்தால் நீராவியைக் குறைக்கும். வேகம் தளர்ந்தால் கூட்டும். அதற்கும் கவர்னர் என்றே பெயர். நம் பள்ளிப் பேருந்துகளில் பொருத்தப்படும் ஸ்பீடு கவர்னர் அதே குடும்பம். 1948-இல் நார்பர்ட் வீனர், எந்திரங்களும் உயிர்களும் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும் விதத்தை ஆராயும் துறைக்குக் கிரேக்க மீகாமனின் பெயரையே எடுத்து சைபர்னெட்டிக்ஸ் என்று சூட்டினார். பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தால்தான் செலுத்துதல் என்ற செயலே நடக்கும் என்பது அந்தத் துறையின் அடிப்படை. எதிர்க்கட்சியின் கேள்வி, நாளிதழின் செய்தி, மனுநீதி நாளில் நீட்டப்படும் மனு, கிராம சபையில் எழும் குரல் எல்லாம் அந்தச் செய்திகளே. அவற்றை அடைத்துவிட்டு ஆள்கிறேன் என்று சொல்பவர் சுக்கானைப் பிடித்திருக்கலாம், கப்பலைச் செலுத்தவில்லை.

வணிகக் குழுவின் கவர்னர்

இந்தச் சொல் இந்தியாவுக்கு வந்த வழி விசித்திரமானது. 1600 டிசம்பர் 31 அன்று முதலாம் எலிசபெத் அரசி வழங்கிய சாசனத்தின்படி, கிழக்கிந்திய கம்பெனியின் முழுப்பெயரே கிழக்கிந்தியாவில் வாணிபம் செய்யும் லண்டன் வணிகர்களின் கவர்னரும் கம்பெனியும் என்பதுதான். கவர்னர் என்றால் அங்கே வணிகக் குழுவின் தலைவர். மிளகும் துணியும் வாங்கி விற்ற குழுவின் நிர்வாகப் பதவி, கோட்டையும் படையும் வரிவசூலும் சேர்ந்தபோது ஆளும் பதவியாக வளர்ந்தது. 1773-இன் ஒழுங்குமுறைச் சட்டத்தால் வங்கத்துக்குக் கவர்னர் ஜெனரல் வந்தார். 1833-இன் சாசனச் சட்டத்தால் அவரே இந்தியா முழுமைக்கும் கவர்னர் ஜெனரல் ஆனார். பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டிய ஒரு நிறுவனம், தான் ஆண்ட மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்ற நிலை உண்டாயிற்று.

இதை எதிர்த்து முதலில் உரக்கக் கேட்ட குரல்களில் ஒன்று லண்டனிலேயே எழுந்தது. மனிதர் மீது மனிதர் செலுத்தும் அரசியல் அதிகாரம் எதுவானாலும் அது ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, பொறுப்பு என்றால் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று 1783-இல் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் வாதாடினார். அந்த வாதத்தை வைத்தே முதல் கவர்னர் ஜெனரலான வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது நாடாளுமன்றக் குற்ற விசாரணை கொண்டுவந்தார். 1788-இல் தொடங்கிய விசாரணை 1795-இல் ஹேஸ்டிங்ஸின் விடுதலையில் முடிந்தது. பர்க் தோற்றார். ஆயினும் ஆள்பவர் கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் என்பதை ஏழாண்டுகள் உலகம் பார்த்தது.

மக்கள் நாவில் அப்போது வேறொரு சொல் இருந்தது. தலை என்ற பொருளுடைய சர், வேலை என்ற பொருளுடைய கார் ஆகிய இரண்டு பாரசீகச் சொற்கள் சேர்ந்தது சர்க்கார். முகலாயர் ஆட்சியில் ஒரு நிர்வாகப் பிரிவுக்கும் அதுவே பெயர். ஆந்திரக் கடற்கரை வட சர்க்கார் என்று சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்தது அதனால்தான். தமிழகத்தில் சர்க்கார் உத்தியோகம், சர்க்கார் ஆஸ்பத்திரி, சர்க்கார் புறம்போக்கு என்று அது ஊறிப்போயிற்று. சர்க்கார் என்றவுடன் மக்கள் மனத்தில் எழுந்தது, மேலே எங்கோ இருக்கும், வாங்கும், தண்டிக்கும், சில வேளை கொடுக்கும் ஒரு தலை. அந்தத் தலை தங்களுடையது என்று நினைக்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

நம்மிடம் இருந்த அளவுகோல்

ஆள்பவருக்கு மேலே ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கும் மரபு தமிழில் இல்லாமல் இல்லை. திருக்குறளில் செங்கோன்மையை அடுத்து உடனே கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. கோல் வளையக்கூடியது, வளைந்தால் அதற்குப் பெயர் வேறு என்று வள்ளுவர் அறிந்திருந்தார். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பிழையான தீர்ப்பு வழங்கினோம் என்று தெரிந்த கணத்தில் தன்னை அரசனாகவே எண்ண முடியாமல் உயிர்விடுகிறான். அரசன் நீதிக்குக் கட்டுப்பட்டவன் என்ற எண்ணம் அந்தக் கதையின் உயிர்நாடி.

உத்தரமேரூரில் அது எழுத்தில் வகுத்த விதியாகவே நிற்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. பதவிக்காலம் 360 நாள்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் போட்டியிடத் தகுதியற்றவர்கள். அந்தச் சபை ஒரு பிராமண ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் கேட்ட சபை. பெண்களுக்கும் உழைக்கும் சாதியினருக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. அதை மக்களாட்சி என்று கொண்டாடுவது பிழை. ஆனாலும் கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடியும் பொறுப்பு இல்லை என்ற விதி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழில் கல்லில் வெட்டப்பட்டது. மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று நாம் இன்று சொல்லும் வாரியம், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருந்த அந்தக் கல்வெட்டுகளின் சொல்தான். சொல் வந்த தொலைவுக்கு அந்த விதியும் வந்திருக்க வேண்டாமா?

ராஜத் துரோகம் எப்படித் தேசத் துரோகம் ஆனது?

அரசாங்கத்தையும் நாட்டையும் ஒன்றாக்கும் குழப்பத்துக்கு நம் சட்டப் புத்தகத்திலேயே ஒரு நீண்ட கதை உண்டு. இந்திய தண்டனைச் சட்டம் 1860-இல் நிறைவேறியபோது அதில் 124ஏ பிரிவு இல்லை. 1870-இல் அது சேர்க்கப்பட்டது. சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கத்தின் மீது வெறுப்பையோ அவமதிப்பையோ பற்றின்மையையோ தூண்டுவது குற்றம் என்பது பின்னாளில் அது பெற்ற வடிவம். அந்தப் பிரிவு காத்தது அரசாங்கத்தை. தேசம் என்ற பேச்சே அதில் இல்லை.

1908 ஜூலையில் திருநெல்வேலி நீதிமன்றம் அந்தப் பிரிவின்கீழ் வ.உ.சிதம்பரனாருக்குத் தண்டனை விதித்தது. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு, பிரிட்டிஷ் கம்பெனியின் ஏகபோகத்தை அசைத்தவர் அவர். பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடிக் கூட்டம் நடத்தியதும் பேசியதும் குற்றமாயின. இரட்டை ஆயுள் தண்டனை. சுப்பிரமணிய சிவாவுக்கு 10 ஆண்டுகள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912-இல் வ.உ.சி. வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை. அதே 1908-இல் திலகருக்கு 6 ஆண்டுகள். 1922-இல் ஆமதாபாத் நீதிமன்றத்தில் காந்தியடிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பற்று என்பது சட்டம் போட்டு உண்டாக்கக்கூடியதில்லை என்று நீதிபதியிடமே சொல்லி, 6 ஆண்டுத் தண்டனையை ஏற்றார்.

அந்நாளில் தமிழ்ப் பத்திரிகைகள் இந்தக் குற்றத்தை ராஜத் துரோகம் என்றன. சரியான பெயர். ராஜாவின் அரசாங்கத்துக்கு எதிரானது, அவ்வளவுதான். அந்தத் தலைவர்கள் ராஜத் துரோகிகளாக இருந்தது தேசத்துக்காகவே என்பது எல்லோருக்கும் விளங்கியது. விடுதலைக்குப் பிறகு அதே பிரிவை நம் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் தேசத் துரோகம் என்று எழுதத் தொடங்கின. சட்டத்தின் வரி மாறவில்லை. தமிழில் பெயர் மாறிற்று. அந்த மாற்றத்தில் அரசாங்கம் தேசத்தின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ஓர் அணுஉலையை எதிர்த்தவரையும் ஒரு முதலமைச்சரைக் கேலி செய்தவரையும் ஒரு சட்டத்தை விமர்சித்த மாணவரையும் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று அழைக்க அந்த ஒரு சொல்லே வழி செய்தது.

உச்ச நீதிமன்றம் 1962-லேயே இதைத் தெளிவுபடுத்தியிருந்தது. கேதார்நாத் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சட்டப்படி நிறுவப்பட்ட அரசாங்கம் வேறு, அப்போதைக்கு நிர்வாகத்தை நடத்திக்கொண்டிருக்கும் ஆட்கள் வேறு என்று பிரித்தது. வன்முறையைத் தூண்டாதவரை, அரசாங்கத்தின் செயல்களை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் குற்றம் ஆகாது என்றது. ஆனால் அந்தப் பிரிவு செல்லாது என்று அது சொல்லவில்லை. காவல் நிலையங்களில் தீர்ப்பின் பிற்பகுதி மட்டும் நினைவிருந்தது, முற்பகுதி மறந்துபோனது. 2009-இல் பிரிட்டன் தன் சட்டத்திலிருந்து இந்தக் குற்றத்தை நீக்கிவிட்டது. இந்தியாவில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 124ஏ பிரிவை நிறுத்திவைத்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய பிரிவு இல்லை. அதன் 152-ஆம் பிரிவு இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஊறு செய்வதைப் பற்றிப் பேசுகிறது. அதன் சொற்கள் விரிந்தவை, எங்கும் இழுக்கக்கூடியவை. 1962-இல் நீதிமன்றம் போட்ட கோட்டைக் காவல்துறையும் கீழமை நீதிமன்றங்களும் மனத்தில் கொள்ளாவிட்டால், பழைய பிரிவு செய்த வேலையைப் புதிய பிரிவும் செய்யும்.

அரசா, அரசாங்கமா?

தமிழில் இந்தக் குழப்பத்துக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. ஒரு நாட்டின் நிலையான அமைப்பையும், அதை இப்போது நடத்தும் அமைச்சரவையையும் ஆங்கிலம் இரு சொற்களால் குறிக்கிறது. தமிழகத்தில் நாம் இரண்டுக்கும் அரசு என்றே எழுதுகிறோம். இலங்கைத் தமிழர்கள் இந்த வேறுபாட்டை நம்மைவிடக் கவனமாகக் காப்பாற்றுகிறார்கள். அங்கே அமைச்சரவை நடத்துவது அரசாங்கம், மாவட்டத்தின் தலைமை அதிகாரி அரசாங்க அதிபர். அரசாங்கம் என்ற சொல்லில் அங்கம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. ஓர் அங்கம் முழு உடலாகிவிட முடியாது.

நடைமுறையில் இந்த வேறுபாடு இல்லாமல் ஒரு நாள்கூட நாடு நடக்காது. அரசமைப்பின் 300-ஆவது கூறின்படி, இந்திய அரசாங்கம் இந்திய ஒன்றியம் என்ற பெயரில் வழக்காடும், வழக்குக்கும் உள்ளாகும். பிரதமர் மாறினாலும் வழக்கு மாறாது. ஓர் ஆட்சி வாங்கிய கடனை அடுத்த ஆட்சி அடைக்கிறது. ஓர் ஆட்சியில் வேலைக்குச் சேர்ந்த ஆசிரியருக்கு ஐந்து ஆட்சிகள் கழித்து ஓய்வூதியம் வருகிறது. 266-ஆவது கூறு வரியாக வரும் பணத்தை எல்லாம் ஒரே நிதியில் சேர்க்கச் சொல்கிறது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அனுமதிக்காமல் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. எடுத்த பணத்துக்குத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்குப் பார்த்துத் தரும் அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது. இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒரே கருத்திலிருந்து வந்தவை: பணமும் பதவியும் ஆள்பவருடையவை இல்லை.

எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுப்பதும் அதே கருத்தால்தான். 1826-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஜான் காம் ஹாப்ஹவுஸ், மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சி என்ற தொடரை முதன்முதலாகப் பயன்படுத்தினார். ஆளும் கட்சியை எதிர்ப்பவரும் அரசமைப்புக்கு உட்பட்ட கடமையையே செய்கிறார் என்ற எண்ணம் அதில் பிறந்தது. நம் நாடாளுமன்றம் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஊதியம் வழங்க 1977-இல் சட்டம் இயற்றியது. நெருக்கடிநிலை முடிந்த ஆண்டு அது என்பது தற்செயலாக இருக்கலாம், பொருத்தம் தற்செயலானதில்லை.

யார் வீட்டுப் பணம்?

குழப்பம் மக்களின் அன்றாடத்தைத் தொடுவது நலத்திட்டங்களில். ரேஷன் கடையில் அரிசி, பள்ளியில் மதிய உணவு, மாணவிக்கு மிதிவண்டி, முதியவருக்கு உதவித்தொகை ஆகியவை தமிழ்நாட்டை உயர்த்தியவை. அவற்றைத் தொடங்கிய தலைவர்களை மக்கள் நன்றியோடு நினைப்பதில் தவறில்லை. எந்தத் திட்டத்துக்கு முன்னுரிமை என்று முடிவெடுப்பது அரசியல். நாங்கள் இந்த முடிவை எடுத்தோம் என்று சொல்லி வாக்குக் கேட்க ஒரு கட்சிக்கு முழு உரிமை உண்டு. ஆனால், முடிவு எடுத்தவர் தன் பணத்தைக் கொடுத்ததாகச் சொல்லும்போது எல்லை மீறப்படுகிறது. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி கட்டுகிறார். அவருக்குக் கிடைக்கும் அரிசி அவருக்குத் திரும்பி வருவது.

2015 மே மாதம் உச்ச நீதிமன்றம், அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோரின் படங்கள் மட்டுமே இடம்பெறலாம் என்றது. மாநிலங்கள் மறு ஆய்வு கேட்டன. 2016 மார்ச்சில் முதலமைச்சர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. மறு ஆய்வு கேட்ட வரிசையில் பல கட்சிகளின் அரசுகளும் இருந்தன என்பதுதான் வருத்தம் தருவது. தேர்தல் அறிவித்தவுடன் அரசு அலுவலகங்களில் படங்களையும் பெயர்ப் பலகைகளையும் துணியும் காகிதமும் கொண்டு மூடுகிறார்கள். 1960-இல் கேரளத் தேர்தலில் முளைத்து, 1979-இல் ஆளும் கட்சிக்கென்றே தனிப்பகுதி சேர்க்கப்பட்ட நடத்தை விதிமுறைகள் அதைக் கேட்கின்றன. தேர்தல் நடக்கும் சில வாரங்களுக்குத் தவறாகத் தெரிவது, மற்ற நாள்களில் எப்படிச் சரியாகும்?

சொந்தக்காரர் என்ன செய்ய வேண்டும்?

பிளேட்டோ சொன்ன சொந்தக்காரரின் குறைகள் மூன்று: காது மந்தம், பார்வைக் குறைவு, கடலறிவு இன்மை. இவற்றுக்கு மருந்து, சுக்கானை அறிந்த மீகாமனிடமே விட்டுவிடுவது என்று அவர் நினைத்தார். மக்களாட்சி வேறு மருந்து தேடியது. காதுக்குச் சுதந்திரமான பத்திரிகை, கண்ணுக்குத் தகவல் அறியும் உரிமை, அறிவுக்குப் பொதுக்கல்வி. தகவல் உரிமைக்கு நாட்டிலேயே முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-இல். நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல் வந்தது. 1993 ஏப்ரல் 24 முதல் நடப்பில் உள்ள 73-ஆவது திருத்தம் ஊராட்சியைத் தன்னாட்சி அமைப்பு என்றே வரையறுக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூட வேண்டும். அந்த ஆறு நாளும் சொந்தக்காரர் கணக்குக் கேட்கும் நாள்கள். பல ஊர்களில் அவை கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்கியிருப்பதற்கு அதிகாரிகள் மட்டும் காரணமில்லை, நாமும் போவதில்லை.

ஆகவே சிலவற்றை உறுதியாகக் கேட்கிறேன். அரசுப் பணத்தில் நடக்கும் திட்டங்களும் விளம்பரங்களும் உயிரோடிருக்கும் எந்தத் தலைவரின் பெயரையும் படத்தையும் தாங்காதபடி சட்டமன்றங்கள் தாங்களாகவே விதி செய்துகொள்ளட்டும்; நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். அரசு ஊழியர்கள், தாங்கள் விசுவாசம் காட்ட வேண்டியது அரசமைப்புக்கே என்பதை மேடை போடச் சொல்லும் ஆளிடம் சொல்லத் துணியட்டும். துணிந்தவரைப் பந்தாடாமல் காக்கும் விதி வலுப்பெறட்டும். பள்ளிப் பாடநூல்கள் நாடு, அரசு, அரசாங்கம், ஆளும் கட்சி ஆகிய நான்கையும் எட்டாம் வகுப்புக்குள் பிரித்துக் கற்பிக்கட்டும். தமிழ் ஊடகங்கள், அரசாங்கத்தை விமர்சித்த குற்றச்சாட்டைத் தேசத் துரோகம் என்று எழுதும் வழக்கத்தை இன்றோடு நிறுத்தட்டும்.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்கோ பகுதி சபைக்கோ போய், உங்கள் தெருவுக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் எழுத்தில் கேளுங்கள். கேட்பதற்கு நீங்கள் எந்தக் கட்சியிலும் இருக்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள குடிமக்கள் என்ற ஒரு தகுதி போதும்; அரசமைப்பு வேறு தகுதி எதையும் கேட்கவில்லை.